கிரெடிட் என்றால் கடன் மட்டும்தானா?

(அசோக் நகரில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால், பேசியபடியே இங்கே தருகிறோம்.)



ரெண்டாம் சனிக்கிழமை ஆங்கிலப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். இதுவரைக்கும் பேங்க்கில் படிவம் நிரப்புவது, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கும்போது பேசுவது, பிள்ளைங்க ஸ்கூலில் டீச்சரிடம் பேசுவது என்று பழகினோம். இந்த முறை வேற மாதிரி வார்த்தைகளை எடுத்துக்கொண்டோம். ஒருத்தர் செய்த வேலையை, ‘இது இவங்க செஞ்சது’ என்று பேர் சொல்லிச் சொல்வதற்கான வார்த்தைகள். இது எதுக்கு என்று சில பேர் கேட்டீர்கள். பேங்க்கில் பேசத் தெரிந்தால் லோன் கிடைக்கும், இதைத் தெரிஞ்சுகிட்டா என்ன கிடைக்கும்னு நேராகவே ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான காரணம் எங்கள் பக்கத்துத் தப்பு ஒன்று. அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

2015 டிசம்பர் முதல் வாரம் நம்மில் யாருக்கும் மறக்காது. அடையாறு பொங்கி ஜாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. அப்போது நம் உறுப்பினர்கள் சில பேர் மொட்டை மாடியில் அடுப்பு வைத்து, மூன்று நாள் சோறு பொங்கிப் பொட்டலம் கட்டினார்கள். தக்காளி சாதம், மறுநாள் எலுமிச்சை சாதம், அப்புறம் வெறும் கஞ்சி. அரிசி அவரவர் வீட்டு அரிசி. கேஸ் சிலிண்டர் ஒரு அக்காவுடையது. இடுப்பளவு தண்ணீரில் பொட்டலத்தைத் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்கள்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள் மதியம். கையில் கொஞ்சம் பிரெட், கொஞ்சம் மெழுகுவர்த்தி, ஒரு கேமரா.

அந்த வருஷ அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதினோம். அதில் இப்படி ஒரு வரி: ‘அவர் ஆர்கனைசேஷன் புரொவைடட் குக்டு ஃபுட் டு ஃப்ளட் அஃபெக்டட் ஃபேமிலீஸ் ஃபார் த்ரீ டேஸ்.’ வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு எங்கள் நிறுவனம் மூன்று நாள் சமைத்த உணவு வழங்கியது என்று அர்த்தம். எழுதியவர்களுக்கு அது பொய் என்றே தோணவில்லை. அறிக்கை என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்தோம்.

பல வருஷம் கழித்து, ஆபீஸ் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவோடு வந்திருந்த எட்டாவது படிக்கும் பொண்ணு ஒருத்தி அந்தப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். படிச்சுட்டு, “அம்மா, இது நீங்க சமைச்சதுதானே? உங்க பேரே இல்லையே”ன்னா. அந்த அக்கா கோபப்படவில்லை. “பேரு போடலைன்னா பரவால்ல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம், உங்க ஆர்கனைசேஷன் எந்த மாடில அடுப்பு வச்சுது?”ன்னு கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதைச் செய்திருக்கிறோம்.

சரி, திருத்தி எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுத எங்களுக்கு நூறு ஆங்கில வரி தெரியும். ‘அவர்கள் செய்தார்கள்’ என்று எழுதப் போனால், ‘வித் தி ஹெல்ப் ஆஃப் மெம்பர்ஸ்’ என்ற ஒரு வரியைத் தாண்டி வரவில்லை. எங்களுக்கே பயிற்சி தேவைப்பட்டது. அதனால்தான் இந்த வகுப்பு. நீங்களும் நாங்களும் ஒரே பெஞ்சில்.

முதல் வார்த்தை கிரெடிட். இது உங்களுக்குப் புதுசு இல்லை. கிரெடிட் லிங்கேஜ் என்று சொல்லாத குழுக் கூட்டம் உண்டா? போனில் பேங்க் மெசேஜ் வந்தால், ‘கிரெடிட்டட்’ என்று இருந்தால் சிரிக்கிறோம், ‘டெபிட்டட்’ என்று இருந்தால் மூஞ்சி சுருங்குகிறது. நம் கணக்கு நோட்டில் இதைத்தான் பற்று, வரவு என்று எழுதுகிறோம். கிரெடிட் என்றால் வரவு. ஆனால் ஆங்கிலத்தில் இதே வார்த்தையைத்தான் ஒருத்தர் உழைப்பை அவர் பேரில் எழுதுவதற்கும் சொல்கிறார்கள். ‘கிவ் ஹர் தி கிரெடிட்’ என்றால் அவளுக்குக் கடன் கொடு என்று அர்த்தம் இல்லை. அந்த வேலையை அவள் கணக்கில் வரவு வை என்று அர்த்தம்.

இந்தச் சொல்லுக்கு வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே அதற்கு நம்புவது என்று பொருள். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு சோதனையாக ஆரம்பித்ததுதான் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டம். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே, 1989-ல், நம் தமிழ்நாட்டில் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கிவிட்டன. அடமானம் இல்லை, பட்டா இல்லை, நகை இல்லை. என்ன பார்த்துக் கடன் கொடுத்தார்கள்? ஒழுங்காகக் கூட்டம் போடுகிறார்களா, சேமிக்கிறார்களா, வாங்கினதைத் திருப்புகிறார்களா, நோட்டு எழுதுகிறார்களா, அவ்வளவுதான். நம்பிக் கொடுத்தது அந்த கிரெடிட். செய்த வேலையை நம்பி ஒத்துக்கொள்வது இந்த கிரெடிட். முதல் கிரெடிட்டை ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் கேட்டு வாங்கத் தெரிந்த நாம், ரெண்டாவதைக் கேட்பதற்கு மட்டும் வெட்கப்படுகிறோம்.

‘கிவ் கிரெடிட்’ என்றால் கொடுப்பது. ‘டேக் கிரெடிட்’ என்றால் எடுத்துக்கொள்வது. இந்த ரெண்டாவது, தான் செய்ததற்கு எடுத்துக்கொண்டால் சரி, அடுத்தவர் செய்ததற்கு எடுத்துக்கொண்டால் நாங்கள் 2015-ல் செய்தது. ‘தி கிரெடிட் கோஸ் டு’ என்று ஆரம்பித்து யார் பேரையும் சேர்க்கலாம். வகுப்பில் எல்லோரும் ஒரு தடவை சொன்னோம். பாதிப் பேர் ‘கிரெடிட் கோஸ் டு காட்’ என்றீர்கள். கடவுளுக்குக் கொடுக்கலாம், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கடவுளுக்கு மாவாட்டத் தெரியாது என்று சொன்ன அக்காவுக்குத்தான் அன்றைக்குக் கைதட்டல் அதிகம்.

அடுத்தது ரெகக்னைஸ். கூட்டத்தில் ஒரு முகத்தைப் பார்த்து, அட இவங்க நம்ம தெரு என்று அடையாளம் தெரிவதற்கும் இதே வார்த்தை, ஒருத்தர் உழைப்பை மதித்து அங்கீகாரம் கொடுப்பதற்கும் இதே வார்த்தை. தமிழிலும் அப்படித்தானே? “அவ்ளோ செஞ்சேன், என்னைக் கண்டுக்கவே இல்ல” என்று சொல்கிறோம். கண்டுகொள்வது என்றால் பார்ப்பதும்தான், மதிப்பதும்தான். அங்கீகாரம் என்ற சொல் மேடைக்கு. கண்டுக்கிறது என்பது நம் வீட்டுக்கு. ரெகக்னைஸ் ரெண்டுக்கும் பொருந்தும்.

இதில் சட்டப்படியான அங்கீகாரம் என்ற பொருளும் உண்டு. குஜராத்தில் அகமதாபாத்தில் இலா பட் அம்மா 1972-ல் சேவா அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனார். துணி மூட்டை சுமக்கிறவர்கள், காய்கறி விற்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள். தொழிலாளர் துறை ஒத்துக்கொள்ளவில்லை. முதலாளி யார் என்று சொல்லுங்கள், முதலாளி இல்லாமல் என்ன சங்கம் என்று கேட்டார்கள். விடாமல் வாதாடிப் பதிவு வாங்கினார்கள். ரெண்டு வருஷம் கழித்து 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியும் ஆரம்பித்தார்கள். அமைப்புசாரா, முறைசாரா என்று ‘சாரா’ போட்டு இந்தப் பெண்களைக் கூப்பிடுவது இலா பட் அம்மாவுக்குப் பிடிக்காது. இல்லாததைச் சொல்லி ஏன் கூப்பிடுகிறீர்கள், சுயமாகத் தொழில் செய்கிறவர்கள் என்று கூப்பிடுங்கள் என்பது அவர் கட்சி. சங்கத்தின் பெயரிலேயே அதை வைத்தார். அவர் 2022-ல் காலமானார். நம் சென்னையிலும் 1978-ல் ஜெயா அருணாசலம் அம்மா உழைக்கும் பெண்களுக்காக ஒரு மன்றம் தொடங்கி, பூ விற்கிறவர்களையும் காய் விற்கிறவர்களையும் தொழிலாளி என்று சொல்ல வைத்தார். நாம் இன்றைக்குக் குழு என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: ‘வீ ஓ இட் டு தெம்.’ ஓ என்றால் கடன்பட்டிருக்கிறோம். இங்கேயும் கடன்தான் வருகிறது, பார்த்தீர்களா?

அப்ரிஷியேட் என்ற வார்த்தையைப் பாராட்டு என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். ஆனால் அதற்குள்ளே விலை இருக்கிறது. விலைக்கு ஆங்கிலத்தில் பிரைஸ், பரிசுக்கு பிரைஸ், புகழுக்கு பிரெய்ஸ். மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்த அக்கா தங்கச்சிகள். நகைக் கடன் வைக்கப் போனால் உரசிப் பார்க்க ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே, அப்ரைசர், அவரும் அதே குடும்பம்தான். பொருளின் மதிப்பைச் சரியாகச் சொல்கிறவர் அப்ரைசர். ஆளின் மதிப்பைச் சரியாகச் சொன்னால் அது அப்ரிஷியேஷன். அதனால் சும்மா ‘குட், குட்’ என்று எல்லோருக்கும் சொல்வது பாராட்டு இல்லை. உரசிப் பார்க்காமல் எல்லா நகைக்கும் ஒரே விலை சொல்லும் அப்ரைசரை நம்புவோமா? என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று சொல்லிப் பாராட்ட வேண்டும். ‘யூ கெப்ட் தி அக்கவுண்ட்ஸ் வெரி கிளியர்லி.’ கணக்கைத் தெளிவாக வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால், கேட்கிறவருக்கு எதற்கு என்று தெரியும்.

அக்னாலட்ஜ் என்பதைச் சொல்லவே நாக்கு சுளுக்கும். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குகிறோமே, அதற்கு அக்னாலட்ஜ்மென்ட் என்று பெயர். வாங்கிக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்வது. இந்த வார்த்தைக்குள்ளே நாலட்ஜ், அதாவது அறிவு, அறிதல் இருக்கிறது. திருவள்ளுவர் பதினோராவது அதிகாரத்துக்கு என்ன பேர் வைத்தார்? செய்ந்நன்றி அறிதல். நன்றி சொல்லுதல் என்று வைக்கவில்லை. முதலில் அறியணும். தெரியாமல் எப்படிச் சொல்வது? நம் விழாக்களில் நன்றியுரை படிக்கிறவர் மைக் செட் போட்டவர் வரை பேர் படிப்பார். ஆனால் காலையிலிருந்து பின்னால் நின்று டீ போட்டது யார் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் அந்தப் பேர் வராது.

இப்போது கொஞ்சம் வில்லங்கமான வார்த்தைக்கு வருகிறோம். ஹெல்ப்.

உங்களில் ஒருத்தர் டிபன் கடை நடத்துகிறீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு மாவு, சட்னி, சாம்பார், எட்டு மணிக்குள் இருநூறு இட்லி. கடைக்கு ஒரு அதிகாரி வந்தபோது வீட்டுக்காரர் சொன்னார், “ஒய்ஃபும் ஹெல்ப் பண்ணுவாங்க சார்.” பக்கத்தில் நின்றவருக்கு இட்லி எடுக்கிற துணியைத் தூக்கி எறியலாம் போல இருந்ததாம். வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், அப்புறம் ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பித்தோம். தையல் கடையில், பூக்கடையில், அயர்ன் வண்டியில், எல்லா இடத்திலும் நாம் ‘ஹெல்ப்’தான். ஹெல்ப் நல்ல வார்த்தைதான். ஆனால் மொத்த வேலையும் செய்கிறவரைப் பார்த்து ஹெல்ப் என்றால், மூட்டையைப் பொட்டலம் என்று சொல்வது மாதிரி. ‘ஷி ஹெல்ப்ஸ்’ வேண்டாம். ‘ஷி ரன்ஸ் தி ஷாப்.’ ரன் என்றால் ஓடுவது மட்டும் இல்லை, நடத்துவது. ‘வீ ரன் இட் டுகெதர்’ என்றால் இருவரும் சேர்ந்து நடத்துகிறோம். வீட்டுக்காரர் மனசும் கோணாது, உண்மையும் கெடாது.

இதோடு சேர்ந்தது கான்ட்ரிபியூஷன், பங்களிப்பு. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு சொன்னார். கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சொத்து வாங்கினார்கள். பின்னால் வழக்கு வந்தபோது, என் சம்பாத்தியம், என் சொத்து என்று கணவர் தரப்பு. நீதிபதி என்ன சொன்னார் என்றால், மனைவி வீட்டைக் கவனித்துக்கொண்டதால்தான் கணவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, அதுவும் பங்களிப்புதான், சொத்தில் அவருக்குச் சமபங்கு உண்டு என்றார். ‘நீ என்ன செஞ்சே, சும்மாதானே வீட்ல இருந்தே’ என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றமே பதில் எழுதியது அப்போது. இதை வைத்துக்கொண்டு நாளைக்கே வீட்டில் சண்டை ஆரம்பித்துவிடாதீர்கள். அது அந்த வழக்கின் சங்கதிகளைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. உங்களுக்கு அப்படி ஒரு பிரச்சனை இருந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

வேலை செய்தவரை மறைக்கிற இன்னொரு தந்திரம் நம் நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘முகாம் நடத்தப்பட்டது’, ‘உணவு வழங்கப்பட்டது’, ‘தீர்மானம் நிறைவேற்றப்பட்டது’ என்று பட்டது, பட்டது என்றே எழுதுகிறோம். யார் பட்டது? ஆங்கிலத்திலும் இதே வசதி இருக்கிறது, ‘இட் வாஸ் டன்’ என்று. தானாக நடந்த மாதிரி. ஆனால் தீர்மான நோட்டில் ஒரு நல்ல பழக்கமும் வைத்திருக்கிறோம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று பேர் போடுகிறோம். ‘புரொபோஸ்டு பை’, ‘செகண்டெட் பை’. அந்த ‘பை’ இருக்கிறதே, அந்தச் சின்ன வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குக்டு பை, ஸ்டிச்டு பை, ரிட்டன் பை. சமைத்தவர், தைத்தவர், எழுதியவர். இட்லிப் பொடி பாக்கெட்டில் லேபிள் ஒட்டும்போது குழுப் பேரோடு ‘மேட் பை’ போட்டுத் தயாரித்தவர் பேரையும் போடலாமே என்று ஒரு ஊக்குநர் சொன்னார். நல்ல யோசனை. ‘ஹர் ஐடியா’, குறித்துக்கொண்டோம்.

நம் பக்கத்தில் சினிமாக்காரர்கள் நிறைய, உங்களுக்கு இது நன்றாகவே புரியும். வடபழனி, கோடம்பாக்கம் பக்கம்தானே. லைட்மேன் வேலை பார்த்தவரின் மனைவி ஒருத்தர் சொன்னார், படம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது இவர்கள் குடும்பம் மட்டும் உட்கார்ந்திருக்குமாம், கடைசியில் ஓடுகிற பேர்களில் அவர் பேர் வருகிறதா என்று. அந்தப் பேர் வரிசைக்கு ஆங்கிலத்தில் கிரெடிட்ஸ் என்றே பெயர். முக்கால்வாசி நேரம் பேர் வருவதற்குள் லைட்டைப் போட்டுவிடுவார்களாம்.

இப்போது உங்களை நம்ம அசோக் பில்லர் வரைக்கும் அழைத்துப் போகணும். தினமும் அதைச் சுற்றித்தான் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறோம். மேலே நாலு சிங்கம். அசோக சக்கரவர்த்தி கல்வெட்டு எழுதி வைத்தார், மரம் நட்டார் என்று ஐந்தாவதில் படித்ததோடு சரி. அலகாபாத்தில், இப்போது பிரயாக்ராஜ் என்கிறார்கள், அங்கே நிற்கிற நிஜமான அசோகர் தூணில் பல கட்டளைகளுக்கு நடுவே ஒரு சின்ன கட்டளை இருக்கிறது. ராணியின் கட்டளை என்று அதற்குப் பெயர். அதில் அசோகர் தன் அதிகாரிகளுக்கு உத்தரவு போடுகிறார். இரண்டாவது ராணி கொடுத்த தானம் எதுவாக இருந்தாலும், மாந்தோப்போ, தோட்டமோ, தர்ம சாலையோ, அதை அந்த ராணியின் பேரில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்கிறார். பேரையும் சொல்கிறார், தீவலனின் தாய் காருவாகி என்று. அசோகர் கல்வெட்டுகளில் பேர் குறிப்பிடப்பட்ட ஒரே ராணி அவர்தான்.

எங்களுக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. 2,200 வருஷத்துக்கும் முன்னால், இவ்வளவு பெரிய ராஜா வீட்டிலேயே ஒரு பெண் கொடுத்த மாந்தோப்பு ராஜா கணக்கில் போய்விடும் என்ற நிலைமை இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் எதற்கு உத்தரவு? அந்த அம்மா கேட்டு வாங்கினாரா, அசோகரே யோசித்துச் செய்தாரா, தூணில் அது இல்லை. ஆனால் ‘கிவ் ஹர் தி கிரெடிட்’ என்ற நம் பாடம் கல்லிலேயே இருக்கிறது. அடுத்த தடவை பில்லர் ஸ்டாப்பில் இறங்கும்போது காருவாகி அம்மாவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அசோகருக்கே நூற்றாண்டுக் கணக்கில் கிரெடிட் இல்லை. அந்த எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போய்விட்டது. 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் என்கிற வெள்ளைக்காரர் படித்தபோது, கல்வெட்டுகளில் பியதசி என்ற பேர்தான் இருந்தது. இலங்கையில் இருந்த ஜார்ஜ் டர்னர் பாலி மொழி நூல்களைப் பார்த்து, பியதசி என்பது அசோகர்தான் என்றார். 1915-ல் மஸ்கியில் கிடைத்த கல்வெட்டில் அசோகன் என்றே பேர் இருந்தது, அப்புறம் சந்தேகம் இல்லை. பேர் எழுதாமல் விட்டால் ராஜாவுக்கே இந்தக் கதி.

படித்தவர்கள் உலகத்திலும் இப்படித்தான். ஜோசலின் பெல் என்று ஒரு அம்மா, 1967-ல் இங்கிலாந்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, வானத்திலிருந்து விட்டு விட்டு வரும் ஒரு புதுவிதமான சிக்னலைக் காகிதச் சுருளில் முதலில் கவனித்தவர் அவர். பல்சார் என்கிற நட்சத்திர வகை அது. 1974-ல் அதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள், அவருடைய பேராசிரியருக்கு. இவருக்கு இல்லை. 2018-ல் வேறொரு பெரிய பரிசாக முப்பது லட்சம் டாலர் அவருக்கு வந்தது. முழுப் பணத்தையும், வாய்ப்புக் குறைந்த மாணவர்கள் இயற்பியல் படிக்க உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டார்.

நம் குடும்பத்துக் கதை ஒன்றும் உண்டு. மதுரை பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா. களஞ்சியம் குழுக்களை வளர்த்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், விவசாயக் கூலி. 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். அந்தப் போட்டோவைப் பார்க்காத குழுவே இருந்திருக்காது. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. இது ரெகக்னிஷன், மிகப் பெரிய ரெகக்னிஷன். ஆனால் அவர் சரியான வீடு இல்லாமல் பல வருஷம் கஷ்டப்பட்ட செய்தியையும் 2024-ல் பத்திரிகைகளில் படித்தோம். ரெகக்னிஷன் வந்தால் மற்றதெல்லாம் கூடவே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சால்வை சால்வைதான், கூரை கூரைதான்.

வகுப்பில் நடந்த சண்டையையும் மறைக்க வேண்டாம். கண்காட்சியில் பத்து ரூபாய் பொடி பாக்கெட் நன்றாகப் போனதே, அந்த கிரெடிட் யாருக்கு? சின்ன பாக்கெட் போடலாம் என்று சொன்னது ஒருத்தர். ராத்திரி முழுக்க வறுத்து அரைத்தது இன்னொருத்தர். ஸ்டாலில் நின்று தொண்டை வலிக்கக் கூவி விற்றது மூன்றாவது ஆள். மூன்று பேரும் ‘மை ஐடியா’, ‘மை வொர்க்’, ‘மை சேல்ஸ்’ என்று புதுசாகக் கற்றுக்கொண்ட ஆங்கிலத்திலேயே சண்டை போட்டார்கள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை, எங்களுக்கு ஒரு பக்கம் சந்தோஷம்தான். உடனே ஒருத்தர் சமாதானமாக, “விடுங்க, எல்லாரும் சேர்ந்துதானே செஞ்சோம், டீம் வொர்க்”ன்னார்.

டீம் வொர்க் நல்ல வார்த்தை. ஆனால் அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறதென்று எங்களுக்குப் படுகிறது. வேலை செய்த மூன்று பேரும், வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் டீம் வொர்க்கில் ஒன்றாகிவிடுவார்கள். அதனால் முதலில் மூன்று பேரையும் அவரவர் வேலையோடு சொல்வது, அப்புறம் குழுவைச் சொல்வது என்று முடிவு செய்தோம். ‘ஷி தாட் ஆஃப் இட், ஷி மேட் இட், ஷி சோல்ட் இட்.’ மூன்று ‘ஷி’க்கும் விரல் நீட்டி மூன்று பேரைக் காட்ட வேண்டும். காட்டினோம். சண்டை அடங்கியது, முழுசாக என்று சொல்ல முடியாது.

தன்னைப் பற்றிச் சொல்வதுதான் கடைசியில் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. ‘வாட் டூ யூ டூ?’ என்று கேட்டால், பத்து வருஷமாக ஊக்குநராக இருந்து, லட்சக்கணக்கில் கடன் வாங்கித் திருப்பின ஒருத்தர், “நத்திங் மேடம், ஒன்லி ஹவுஸ்வைஃப்” என்கிறார். அந்த ‘ஒன்லி’யை எடுத்துவிடுங்கள். ‘ஐ லீட் எ குரூப்.’ ‘ஐ மேனேஜ் தி அக்கவுண்ட்ஸ்.’ ‘ஐ ரன் எ மெஸ்.’ இது தற்பெருமை இல்லையா என்று கேட்டீர்கள். நடந்ததைச் சொன்னால் எப்படிப் பெருமையாகும்? நோட்டில் 5,000 வரவு என்று இருந்தால் 5,000 என்றுதானே படிக்கிறோம், அடக்கமாக 500 என்றா படிக்கிறோம்?

2015 அறிக்கைப் பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டோம். ‘ஃபுட் வாஸ் குக்டு பை’ என்று ஆரம்பித்து, அன்று மாடியில் நின்றவர்கள் பேரை அவர்களே சொல்லச் சொல்ல எழுதினோம். அரிசி யாருடையது, சிலிண்டர் யாருடையது, தண்ணீரில் இறங்கிப் போனது யார் என்று தனித்தனியாக. நாங்கள் மூன்றாம் நாள் பிரெட்டும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தோம் என்பது கடைசி வரி. அதையும் எழுதுங்க, அதுவும் நெசந்தானே என்று அந்த கேஸ் அக்காதான் சொன்னார்.

ஒருத்தர் மட்டும் தன் பேரைப் போட வேண்டாம் என்றார். ரொம்பக் கேட்டதும் காரணம் சொன்னார். அன்றைக்கு அவர் எடுத்துவந்த அரிசி மாமியார் ரேஷனில் வாங்கி வைத்தது, கேட்காமல் எடுத்தது, இன்றுவரை மாமியாருக்குத் தெரியாதாம். அந்த இடத்தில் ‘எ மெம்பர்’ என்று மட்டும் போட்டிருக்கிறோம். பேர் சொல்ல எவ்வளவு வார்த்தை படித்தாலும், சொல்லலாமா என்று அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லணும் என்பது எங்கள் குறிப்பில் இல்லாத பாடம். அதைக் கொடுத்தவருக்கு கிரெடிட் கொடுக்கலாம் என்றால் பேரைச் சொல்லக் கூடாது!

திருத்திய பக்கத்தின் நகல் ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று வைத்திருக்கிறோம், போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை, விட்டுப்போன பேர் இருந்தால் பென்சிலில் குறித்துக் கொடுங்கள். அடுத்த ரெண்டாம் சனிக்கிழமை சாரி கேட்பதற்கான வார்த்தைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று பொடி பாக்கெட் சகோதரிகள் மூன்று பேரும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். மூன்று மணிக்குத் தொடங்குவோம். நோட்டும் பேனாவும் மறக்காமல் கொண்டுவாங்க.